பார்ட்டியில் உப்பு மாறினாள்

அந்த வாய்ஸ் மெசேஜ் 4 நிமிடம் 12 நொடி ஓடும். அதற்குள் குக்கர் மூன்று தடவை விசில் அடிக்கிறது. யாரோ காலிங் பெல்லை அழுத்துகிறார்கள். "பாலைக் காய்ச்சியாச்சாம்மா?" என்று ஒரு குரல் ஹாலிலிருந்து கேட்கிறது. இத்தனைக்கும் நடுவில் என் தோழி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே ஒரு கதை சொல்கிறாள். கல்யாணமாகி ஏழு மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் கதை. மும்பையில் டோம்பிவிலி லோக்கல் ரயிலில், பெண்கள் பெட்டியில், ஃபோர்த் சீட்டில் பாதி உடம்பை மட்டும் உட்காரவைத்துக்கொண்டு அதைக் கேட்டேன்.

மும்பைக்காரர்களுக்கு ஃபோர்த் சீட் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: மூன்று பேர் உட்காரும் பலகையின் ஓரத்தில் நாலாவது ஆள் ஒட்டிக்கொள்ளும் இடம் அது. ஒரு தொடைக்கு இடம் உண்டு, மற்றது நடைபாதைக்குச் சொந்தம். ஆனாலும் கை இரண்டும் விடுதலையாக இருக்கும். போனில் டைப் அடிக்கலாம். இந்தக் கட்டுரையில் பாதியை அங்கேதான் அடித்தேன்.

நானும் அவளும் தூத்துக்குடியில் ஒரே கல்லூரி, ஒரே பெஞ்ச். அவள் அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதியவர். பள்ளி விடுமுறையில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய், அங்கேயே வரப்பில் சுற்றி, வெயிலில் கண் கூசக்கூச வளர்ந்தவள் அவள். கல்லூரி முடிக்கும் முன்பே இரண்டு கதை சிற்றிதழ்களில் வந்துவிட்டது. மூன்றாவது ஒரு வார இதழில் வந்தது. அதற்கு மணியார்டரில் வந்த பணத்தில் எங்களுக்கு மக்ரூன் வாங்கிக் கொடுத்தாள். அவள் பெயரை இங்கே எழுதட்டுமா என்று கேட்டேன். "என் பேரு கதைக்குக் கீழ வரட்டும் ட்டீ, உன் கட்டுரைக்குள்ள வேண்டாம்" என்றாள். சரி.

மாப்பிள்ளை முலுண்டு என்று தெரிந்ததும் அவளைவிட எனக்குத்தான் சந்தோஷம். நான் டோம்பிவிலிக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஸ்லோ லோக்கலில் முலுண்டு ஆறாவது ஸ்டேஷன். கல்யாணத்துக்கு நல்ல கனமான தாளில் ஒரு நோட்டும் ஒரு பேனாவும் கொடுத்தேன். எல்லோரும் குக்கரும் சுவர்க் கடிகாரமும் கொடுக்கும் இடத்தில் நான் மட்டும் அவளுடைய எழுத்தை நினைத்துப் பார்த்திருக்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

நாலு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனபோது அந்த நோட்டு ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது. திறந்து பார்த்தேன். முதல் பக்கத்தில் பால் கணக்கு. அடுத்த பக்கத்தில் இஸ்திரிக்காரருக்குப் போட்ட துணி: சட்டை 5, பேன்ட் 3, வேட்டி 1, "அத்தை புடவை 2 (கஞ்சி)". கேஸ் புக் பண்ணிய தேதிகள். கையெழுத்து மட்டும் அதே பழைய அழகு. ழகரத்தின் வால் அப்படியே வளைந்து நின்றது. பக்கத்தை அவளிடம் காட்டி, "என்னட்டி இது?" என்றேன்.

"எழுதிக்கிட்டுத்தானே இருக்கேன்?" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு டீ போட எழுந்து போனவள் கொஞ்ச நேரம் வரவில்லை.

அந்த வீட்டில் வில்லன் யாரும் கிடையாது. அதுதான் சிக்கலே. ஒரு ஹால், ஒரு பெட்ரூம். மாமனார், அத்தை, கொழுந்தன், இவர்கள் இருவர். கணவர் தங்கமான பையன். "இவ ரைட்டர்" என்று ஆபீஸ் நண்பர்களிடம் அறிமுகப்படுத்துவார். "நீ எழுதும்மா, யாரு வேண்டாம்னு சொன்னா?" என்று அத்தையும் சொல்வார். சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் "இட்லிக்கு ஊறப் போட்டியா?" என்பார். அதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை, நிஜமாகவே ஊறப் போட வேண்டிய நேரம் அது. தடுப்பவர் இருந்தால் சண்டை போடலாம். இங்கே யாருடன் சண்டை போட? நல்ல பையன்கள் இருந்த வீடுகளில் நின்றுபோன எழுத்துக்கு யாரும் கணக்கு வைத்ததில்லை. என்னுடையதும் அதில் ஒன்று.

ஆமாம், நானும் எழுதியவள்தான். கவிதை. எப்போது நிறுத்தினேன் என்று தேதி சொல்லத் தெரியவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, யாரும் "அடுத்தது எங்கே?" என்று கேட்கவும் இல்லை. அதனால்தானோ என்னவோ, அந்த இஸ்திரிக் கணக்கைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

முதலில் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். காலையில் "எழுது", ராத்திரி "எழுதினியா?" நடுவில் பெரிய பெரிய உதாரணங்கள். கவிஞர் சல்மாவைச் சொன்னேன். துவரங்குறிச்சியில் வயதுக்கு வந்ததும் படிப்பு நிறுத்தப்பட்டவர், கல்யாணத்துக்குப் பிறகு ராத்திரியில் கழிப்பறையில் நின்று ஒளித்து ஒளித்து எழுதியவர், வீட்டுக்குத் தெரியாமல் இருக்கவே புனைபெயர் வைத்துக்கொண்டவர். அந்தக் கவிதைகளை அவருடைய அம்மாதான் ரகசியமாக வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தார். இதையெல்லாம் நான் உருகி உருகிச் சொல்லி முடித்தபோது எதிர்முனையில் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "என்னை யாரும் பூட்டி வைக்கலியே ட்டீ. அப்ப நான் எழுதாம இருக்கறது என் தப்புதானே?"

எனக்கு வாயடைத்துப் போனது. ஊக்கம் கொடுக்கிறேன் பேர்வழி என்று அவள் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றியிருக்கிறேன்.

நான் கணக்கு வேலை பார்ப்பவள். எதையும் எண்ணிப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். மத்திய அரசு 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் ஒரு விவரம் இருக்கிறது. வீட்டில் சம்பளமில்லாத வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். அதை அவளிடம் சொன்னேன். "289 நிமிஷம்னா அஞ்சு மணி நேரம்கூட இல்லையே, மீதி நேரம் எங்க போச்சு?" என்று அவள் என்னையே மடக்கினாள். யோசித்துப் பார்த்தால் அந்த நிமிடங்கள் ஒரே கட்டாகக் கட்டி ஓரமாக இருப்பதில்லை. பால் பொங்க 6 நிமிடம், பைப்பில் தண்ணீர் வரும்போது 20, கொழுந்தன் டிபன் டப்பாவுக்கு 10 என்று நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கும். நடுநடுவே கிடைப்பதும் அதே மாதிரி சில்லறைதான். பத்து நிமிடம், எட்டு நிமிடம். அதில் நோட்டை எடுத்து, பேனாவைத் தேடி, எங்கே விட்டோம் என்று பார்ப்பதற்குள் குக்கர் கூப்பிட்டுவிடும். நான் கொடுத்த கனமான தாள் நோட்டு அந்த வாழ்க்கைக்கு ஆகாத பொருள். பட்டுப்புடவை மாதிரி, விசேஷத்துக்குத்தான் எடுக்கத் தோன்றும்.

இதற்கு நடுவே அவள் இன்னொரு காரணமும் சொன்னாள். "எனக்குத் தெரிஞ்சது உப்பளம். இங்க நாலாவது மாடில உக்காந்துக்கிட்டு நான் என்னத்த எழுத?"

இது எனக்கு வாகாக மாட்டியது. அடுத்த சனிக்கிழமை காய்கறி வாங்கப் போகிறோம் என்று சொல்லி அவளை ஆட்டோவில் ஏற்றி, கிழக்கு முலுண்டில் ஐரோலி பாலத்துக்குப் போகும் ரோட்டில் இறக்கிவிட்டேன். முலுண்டு, பாண்டுப், காஞ்சூர்மார்க் என்று ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயை ஒட்டி நீளமாகக் கிடப்பதெல்லாம் உப்பளம்தான். இப்போது உப்பு எடுப்பது பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆனால் பாத்தியும் வரப்பும் கட்டம் கட்டமாகத் தெரியும். தினமும் ரயிலில் போகிற எத்தனை பேருக்கு அது உப்பளம் என்று தெரியுமோ, எனக்கே ரொம்ப நாள் சதுப்புநிலம் என்றுதான் நினைப்பு.

அவள் இறங்கி நின்றாள். ஒன்றும் பேசவில்லை. குனிந்து வரப்பு ஓரத்து மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். நான் பதறிப் போய்க் கையைத் தட்டிவிட்டேன், சாக்கடை கலக்கும் ஊராயிற்றே. அவள் அதைக் கண்டுகொள்ளாமல், "வரப்பு தப்பா போட்டிருக்கான்" என்றாள். அப்புறம் தொடர்ந்து பேச ஆரம்பித்தாள். ஊரில் ஆடியில்தான் உப்பு நன்றாக விளையும், ஐப்பசி மழைக்கு அளம் மூடிவிடும். இங்கே ஆடியில் ஊரே மிதக்கிறது. அப்படியென்றால் இங்கே கார்த்திகை கழிந்துதான் பாத்தி கட்டியிருப்பார்கள். காலண்டரே தலைகீழ். அங்கே நாங்கள் உப்பு வாரும் மாதத்தில் இங்கே குடை பிடித்திருப்பார்கள். தூரத்தில், தாணே கழிமுகத்தின் பக்கம், பூநாரைகள் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு கோடு மாதிரித் தெரிந்தன. அந்தக் கழிமுகத்தை 2015இல் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். "நம்ம ஊருக்கும் வருமே!" என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் முகத்தில் நான் பார்த்த முதல் கதைக்களை அது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் பேச்சு வந்தது. 15 வயதில் கல்யாணமானவர். கணவர் மின் பொறியாளர், அவருக்கு வேலை மாற்றலாகும் ஊருக்கெல்லாம் இவரும் கூடவே போனார். போன ஊர்களையே எழுத்தாக்கினார். நீலகிரியில் இருந்தபோது படகர் வாழ்க்கையை எழுதினார். 1973இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கினார். எங்கள் ஊர் உப்பளத்துக்கே வந்து, தொழிலாளர்களோடு பேசிப் பழகி ஒரு நாவலும் எழுதியவர் அவர். "வெளியூர்ல இருந்து வந்த ஒரு அம்மா நம்ம அளத்தை எழுதியிருக்காங்க. நீ வெளியூருக்கு வந்திருக்கே. எழுத மாட்டியா?" என்று கேட்டேன். "மும்பையில தமிழ்ல யாரு எழுதறா?" என்றாள். எழுத்தாளர் அம்பை இங்கேதான் இருக்கிறார், 1988இல் பெண்களின் குரலையும் படங்களையும் சேகரித்து வைக்க ஸ்பாரோ என்ற ஆவணக் காப்பகத்தைத் தொடங்கியவர், 2021இல் அகாதெமி விருது பெற்றவர் என்றதும் பேச்சு நின்றது. அம்பையைச் சொன்னால் எங்கள் இருவருக்குமே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரத் தோன்றும்.

ஆனால் ஆசை வந்துவிட்டால் மட்டும் போதுமா? எப்போது எழுதுவது என்ற கேள்வி அப்படியேதான் இருந்தது.

அப்போதுதான் வை.மு.கோதைநாயகி நினைவுக்கு வந்தார். அவருக்குக் கல்யாணமானபோது வயது ஐந்தரை. பள்ளிக்கூடத்துப் படிப்பு கிடையாது. கதை சொல்வதில் மட்டும் கெட்டிக்காரி. கணவர் பார்த்தசாரதி நாடகம் பார்க்க அழைத்துப் போவார், பார்த்துப் பார்த்து இவருக்கும் ஒரு நாடகம் செய்ய ஆசை வந்தது. எழுதத்தான் வராது. பக்கத்தில் தோழி பட்டம்மாள் உட்கார்ந்து, இவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தார். அப்படி வந்ததுதான் முதல் புத்தகம். அதற்குப் பிறகு தானே எழுதக் கற்றுக்கொண்டு, 1925இல் ஜகன்மோகினி பத்திரிகையைக் கையிலெடுத்து, மொத்தம் 115 நாவல் எழுதினார். கோதைநாயகியைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். பட்டம்மாளைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எங்கேயும் படித்ததில்லை. அவர் கோதைநாயகியிடம் "எழுது, எழுது" என்று சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார், அது தெரியும்.

அன்றைக்கு ராத்திரி அவளுக்கு மெசேஜ் போட்டேன்: "நீ எழுத வேண்டாம். சமைக்கும்போது சொல்லு. நான் அடிக்கிறேன்."

"கிறுக்கச்சி" என்று பதில் வந்தது. மூன்றாம் நாள் அந்த 4 நிமிடம் 12 நொடி வந்தது.

மகன் வீட்டுக்கு மும்பை வந்த ஒரு பாட்டி. தூத்துக்குடியில் நாற்பது வருஷம் உப்பு வாரியவள். நாலாவது மாடி ஜன்னலிலிருந்து தூரத்தில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது. யாரும் பார்க்காதபோது லிஃப்டில் இறங்கிப் போய்விடுகிறாள். அங்கே வேலை செய்பவர்களிடம், பாஷை தெரியாமல், வாருபலகையைப் பிடுங்கி வரப்பைச் சரி பண்ணுகிறாள். இதுதான் கதை.

குரலை எழுத்தாக்கும் வசதி போனிலேயே இருக்கிறதே, நீ எதற்கு என்று என் கணவர் கேட்டார். முயன்று பார்த்தேன். "பாத்தியில் உப்பு வாரினாள்" என்று அவள் சொன்னது "பார்ட்டியில் உப்பு மாறினாள்" என்று வந்தது. உப்புக் குவியலை "அம்பாரம்" என்போம், அதை எத்தனை தடவை சொன்னாலும் ஏதோ ஒரு ஆளின் பெயராக மாறியது. அந்தக் கருவிக்கு எங்கள் ஊர் தெரியாது. நானே அடித்தேன். தாணே வருவதற்குள் ஒரு பத்தி, காட்கோபர் வருவதற்குள் இன்னொன்று. ராத்திரி அவளுக்கு அனுப்பி ஒரே ஒரு கேள்வி கேட்பேன். பாராட்டு கிடையாது, "சூப்பர்" கிடையாது. "பாட்டி லிஃப்டில் எந்த பட்டனை அமுக்கணும்னு எப்படித் தெரிஞ்சுது?" இந்த மாதிரி. மறுநாள் குக்கர் சத்தத்தோடு பதில் வந்துவிடும். கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க அவளால் முடியாது, பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான்.

நானும் சும்மா இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அடிக்கும்போது அங்கங்கே ஒரு பெயரடை, ஒரு உவமை சொருகினேன். பழைய கவிதைக்காரி சும்மா இருப்பாளா? ராத்திரி அவள் எல்லாவற்றையும் களை பிடுங்குவது மாதிரி பிடுங்கிப் போட்டுவிடுவாள்.

நாலாவது மெசேஜில்தான் வினை வந்தது. பாட்டிக்கு மாடி வீட்டில் மூச்சு முட்டுகிறது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று இவள் அடுக்களையில் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அத்தை ஹாலிலிருந்து கேட்டுவிட்டார். மருமகள் தோழியிடம் புலம்புகிறாள் என்றே முடிவு கட்டிவிட்டார். இரண்டு நாள் அந்த வீட்டில் தட்டு வைக்கும் சத்தம் மட்டும்தான். மூன்றாம் நாள் இவள் பொறுக்க முடியாமல், போனை அத்தை கையில் கொடுத்து, முதல் மெசேஜிலிருந்து எல்லாவற்றையும் போட்டுவிட்டாள்.

அத்தை முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "இது எந்த வருஷம் நடக்குது?" என்றார்.

"2005 அத்தை. அப்ப இங்க உப்பு எடுத்துக்கிட்டிருந்தாங்க, அதனால..."

"2005ன்னா ஜூலை 26 எங்க?"

மும்பையில் அந்தத் தேதியைத் தெரியாதவர் கிடையாது. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. ரயில் நின்றது, போன் நின்றது, ஊரே இடுப்பளவு தண்ணீரில் நின்றது. அத்தை அப்போது சயானில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தார். அங்கிருந்து முலுண்டு வரை நடந்தே வந்திருக்கிறார். குர்லா, வித்யாவிகார், காட்கோபர், விக்ரோலி என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக, முன்னே பின்னே தெரியாத பெண்களின் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு. இருபது வருஷமாக யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லையாம். மகனுக்கே பாதிதான் தெரியும். அன்றைக்கு அரிசி களைந்த தண்ணீர் அப்படியே இருக்க, அடுக்களை மேடையில் சாய்ந்து நின்று ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். ஒரு செருப்பு குர்லாவிலேயே தண்ணீரோடு போய்விட்டது. மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டே வீடுவரை வந்தாராம். "ஒத்தச் செருப்பை எதுக்குத் தூக்கிட்டு வந்தேன்னு இன்னைக்கும் தெரியலம்மா."

இந்த ஒற்றைச் செருப்பு கதைக்குள் போய்விட்டது. பாட்டியைத் தேடி மழையில் நடந்து வரும் மருமகளின் கையில் அது இருக்கிறது. கதையே இப்போது பாதி பாட்டியுடையது, பாதி அந்த மருமகளுடையது.

இதற்காக அத்தை மாறிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். இட்லிக்கு ஊறப் போட வேண்டியது மருமகள்தான். "என் பேரை எங்கயும் போட்டுடாதே" என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கணவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலை டிபனைத் தான் பார்த்துக்கொள்வதாக முன்வந்தார். இரண்டு ஞாயிறு உப்புமா செய்தார். மூன்றாவது ஞாயிறு வெளியே வாங்கி வந்தார். அதுவும் இரண்டு மணி நேரம்தானே, நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

மொத்தம் 11 வாய்ஸ் மெசேஜ். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கோப்பாக அனுப்பினேன். அதற்குப் பிறகு அவள் செய்தது நான் எதிர்பார்க்காதது. நான் அடித்ததை ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் கனமான நோட்டில் வீட்டுக் கணக்குகளுக்கு அடுத்த பக்கத்திலிருந்து கையாலேயே முழுக்கதையையும் மறுபடி எழுதினாள். மொட்டைமாடியில் துணி காயும் நேரத்தில், சில்லறை சில்லறையாக. 23 நாள் ஆனது. பட்டம்மாளுக்கு வேலை போய்விட்டது என்று கிண்டல் செய்தேன். கொஞ்சம் வருத்தம்தான், எனக்கு அந்த ரயில் நேரம் பழகியிருந்தது.

கதையை ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினாள். இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது, நீளமாக இருக்கிறதாம். அன்றைக்கு அவளுக்குப் போன் செய்யவே பயந்தேன். அவளே கூப்பிட்டு, "நீளம்னா வெட்டலாம், சின்னதுன்னு சொல்லியிருந்தாத்தான் கஷ்டம்" என்றாள். வெட்டிய பிரதியை என்னிடமே அனுப்பி, சுத்தமாக டைப் அடித்துத் தரச் சொன்னாள். வேலை திரும்பக் கிடைத்தது.

நேற்றுக் காலை ரயிலில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது, 9 நொடி. அவள் எண்ணிலிருந்துதான், ஆனால் அவள் குரல் இல்லை. "நீதான் டைப் பண்றவளாம்மா? அந்தச் செருப்பு, பழுப்பு இல்ல. நீலம். வாரு நீலம், அடி கருப்பு. மாத்திரு."

பழுப்பு நான் சொருகியது. அத்தனை களையெடுப்பிலும் அது ஒன்று மட்டும் எப்படியோ தப்பியிருக்கிறது. உடனே மாற்ற வேண்டும் என்று பார்த்தால் ரயில் தாணேவுக்குள் நுழைந்துவிட்டது, ஏறிய கூட்டத்தில் கையைத் தூக்க இடமில்லை. முலுண்டு தாண்டிய பிறகுதான் நீலம் என்று திருத்தினேன்.